டின் திறந்த பிறகு பைப் புகையிலை காய்ந்து போகிறது, என்ன செய்வது?

கேள்வி, ஜூலை 6

பைப் பிடிக்கத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. டின் திறந்த புதிதில் புகையிலை மெத்தென்று இருக்கிறது. பாதி தீர்வதற்குள் காய்ந்து தூளாகிவிடுகிறது. அதனால் டின்னுக்குள் ஓர் ஈரப் பஞ்சை வைக்கத் தொடங்கினேன். இப்போது காய்வதில்லை. ஆனால் பற்றவைத்தால் நிற்பதில்லை, இழுக்கும்போது அடியில் களகளவென்று தண்ணீர்ச் சத்தம், நாக்கும் எரிகிறது. எவ்வளவுக்கு எவ்வளவு ஈரமோ அவ்வளவுக்கு அவ்வளவு ருசி என்று ஒருவர் சொன்னார். அப்படியென்றால் ஈரம் இன்னும் போதவில்லையா?

ஜூலை 6, இரவு

கூடிப்போய்விட்டது. முதல் வேலையாக அந்தப் பஞ்சை எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்ச நாள் உள்ளே கிடந்தால் பூசணம் பிடிக்கும், அப்புறம் முழு டின்னும் குப்பைக்குத்தான்.

சேர்த்து வைக்கும்போது இருக்க வேண்டிய ஈரம் வேறு, பைப்பில் நிரப்பும்போது இருக்க வேண்டிய ஈரம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் இத்தனை தொல்லையும் வருகிறது. தயாரிப்பவர்கள் சற்றுக் கூடுதல் ஈரத்தோடுதான் டின்னில் அடைக்கிறார்கள். நெடுநாள் அடைந்து கிடந்தாலும் இலை நொறுங்கக் கூடாது, வாசனை போகக் கூடாது என்பதற்காக. அந்த ஈரத்தோடு அப்படியே எடுத்துப் பற்றவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வைப்பதை ஈரமாகவே வையுங்கள். இன்றைக்குப் பிடிக்கப் போகிற அளவை மட்டும் எடுத்து ஒரு தாளில் பரப்பி ஆறவிடுங்கள்.

டின்னில் இருப்பதை இன்றே ஒரு கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிடுங்கள். ஏன் என்று நாளை எழுதுகிறேன்.

ஜூலை 7

பதம் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும்.

ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நன்றாக அழுத்துங்கள். மூன்று எண்ணும் வரை பிடித்துவிட்டு விரலைத் திறந்து பாருங்கள். அழுத்திய உருவத்திலேயே ஒட்டி நின்றால் ஈரம் அதிகம். அழுத்தும்போதே சரசரவென்று ஒடிந்து விரலில் தூள் ஒட்டினால் காய்ந்துவிட்டது. முதலில் ஒட்டி நின்று, பிறகு இழை இழையாகத் தானே பிரிந்து விரிகிறதே, அதுதான் பிடிக்கும் பதம். அந்த விரிதல் அவசரமாக நடக்காது. ஓர் இழை முதலில் நிமிரும், பக்கத்திலிருப்பது மெல்ல நகரும், கடைசியில் மொத்தமும் தளர்ந்து உட்காரும். கண்ணை அதிலேயே வைத்திருந்தால் சில நாளில் பழகிவிடும்.

புறங்கையிலும் தொட்டுப் பார்க்கலாம். ஈரம் கூடிய இலை தோலில் பட்டதும் சில்லென்று இருக்கும். விரல் நுனி எல்லா நேரமும் சரியாகச் சொல்வதில்லை, புறங்கை சொல்லும். வெறும் எண்களை நம்பிப் பதம் பார்ப்பவர்களை விட விரலை நம்புபவர்கள் நிம்மதியாகப் பிடிக்கிறார்கள் என்பது என் திடமான எண்ணம்.

ஜூலை 7, கொஞ்ச நேரம் கழித்து

ஆறவிடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் தும்மவும் வேண்டாம். மேசை, நாற்காலி, தரை என்று பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

ஜூலை 8

எவ்வளவு நேரம் ஆறவிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டைப் பொறுத்தது. நூல் நூலாக வெட்டிய ரிப்பன் வகைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். பாளமாக அழுத்தித் தகடு தகடாக வெட்டிய பிளேக் வகைக்கு, உதிர்த்துப் பரப்பினாலும் அரைமணி ஆகும், ஈரமாக இருந்தால் ஒரு மணி நேரமும் ஆகும். உதிர்க்காமல் தகடாகவே வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். அறையின் காற்றையும் பார்க்க வேண்டும். மழை நாளில் மணிக்கணக்கில் பரப்பி வைத்தாலும் இலையின் ஈரம் கொஞ்சமும் இறங்காது, சில சமயம் ஈரத்தை இன்னும் வாங்கிக்கொள்ளும். ஏனென்றால் புகையிலை சுற்றியிருக்கும் காற்றோடு எப்போதும் சமன் தேடிக்கொண்டிருக்கும் பொருள். காற்று உலர்ந்திருந்தால் ஈரத்தைக் கொடுக்கும், காற்று ஈரமாக இருந்தால் எடுத்துக்கொள்ளும்.

ஜாடி எதற்கு என்பதற்கும் இதுதான் பதில். இலையை வெளிக்காற்றோடு பேசவிடாமல் செய்துவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் அப்படியே நிற்கும். நீங்கள் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

ஜூலை 8, இரவு

ஜாடி பற்றி விரிவாக.

வட்ட டின்கள் பலவும் உள்ளே காற்றழுத்தம் குறைத்து மூடப்பட்டவை. திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அந்தச் சத்தத்தோடு அதன் காவலும் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த மூடி தூசி விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். சதுர டின்களின் நிலைமை இன்னும் மோசம். மூலையில் மூடி லேசாக வளைந்தாலே திறக்காத டின்னும் உள்ளே காய்ந்துவிடும்.

திருகுமூடியும் அதற்குள் ரப்பர் வளையமும் உள்ள கண்ணாடி ஜாடிதான் இதற்குச் சரியான வீடு. காய்கனிகளைப் பதப்படுத்தி வைப்பதற்காக ஜான் லாண்டிஸ் மேசன் 1858-ல் காப்புரிமை வாங்கிய திருகு ஜாடி இன்றைக்கும் பைப்காரர்களின் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி வழியாக ஈரமும் போகாது, வாசனையும் போகாது. பிளாஸ்டிக் பை அப்படி இல்லை. ஜிப் வைத்த பையில் போட்டுச் சில வாரம் வைத்தால் பைக்கு வெளியே மூக்கை வைத்தாலே வாசனை தெரியும். வாசனை வெளியே வருகிறதென்றால் ஈரமும் வருகிறது. ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவதாக இருந்தால் பை போதும், அதற்கு மேல் வேண்டாம்.

பெரிய ஜாடி ஒன்றை விட சின்ன ஜாடிகள் நான்கு நல்லது. திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் காற்று மாறுகிறது. பாதிக்கு மேல் காலியான பெரிய ஜாடியைத் தினமும் திறந்து மூடினால் டின்னில் நடந்ததே கொஞ்சம் மெதுவாக இங்கேயும் நடக்கும். நான் ஒரு ஜாடியை மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தொடுவதே இல்லை.

ஜாடியைச் சுடுதண்ணீரில் கழுவி முழுக்க உலரவிட்ட பிறகே இலையைப் போடுங்கள். அடியில் ஒரு துளி தண்ணீர் நின்றாலும் அந்த இடத்தில்தான் பூசணம் தொடங்கும். வெயில் படாத, சூடு ஏறாத இடத்தில் வைக்க வேண்டும். வெளிச்சம் இலையின் நிறத்தை வெளுக்கவைக்கும். பகலில் சூடு, இரவில் குளிர் என்று மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் ஜாடியின் உள்பக்கம் வியர்த்துத் துளி கட்டும்.

தேதியும் பெயரும் எழுதி ஒட்ட மறக்காதீர்கள். எல்லா ஜாடியும் பழுப்பு நிறத்தில்தான் இருக்கும்.

ஜூலை 10

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "சிகாருக்கு வைத்திருக்கும் ஹியூமிடார் பெட்டியில் பைப் புகையிலையையும் போட்டு வைத்தால் என்ன? அதற்குத்தானே அது இருக்கிறது?"

வேண்டாம். ஹியூமிடாரில் வழக்கமாக 70 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம் வைப்பார்கள். சுருட்டின் மேலிலை வெடிக்காமல் இருக்க அது தேவை. பைப் புகையிலைக்கு அது அதிகம். 60-லிருந்து 65 வரை இருந்தால் பத்திரமாகவும் இருக்கும், எடுத்துச் சற்று ஆறவிட்டால் பிடிக்கவும் தயாராகிவிடும். அது போக, பெட்டியின் உள்ளே செடார் மரம். அந்த மரவாசனை இலையில் ஏறும். உங்கள் புகையிலை வாசனை சேர்த்த வகையாக இருந்தால் அது சுருட்டில் ஏறும். இரண்டும் கெட்டுப்போக ஒரே பெட்டி போதும்.

எண் சொல்லிவிட்டதால் எண் பிடித்தவர்களுக்காக இன்னும் இரண்டு.

காற்றின் ஈரப்பதம் காட்டும் ஈரமானியை நம்புவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். ஒரு சின்ன மூடியில் சாதாரண உப்பைப் போட்டுச் சில சொட்டு நீர் விட்டுச் சேறு போலக் குழைத்துக்கொள்ளுங்கள், கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத பைக்குள் வைத்து அரை நாளுக்கு மேல் விடுங்கள். அது 75 சதவீதம் காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி நான்கு குறைத்துச் சொல்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். ஈர உப்பு மூடிய இடத்தின் காற்றை அந்த எண்ணிலேயே பிடித்து நிறுத்தும். போவெடா மாதிரியான ஈரப் பொட்டலங்களும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. உப்புக் கரைசலை ஆவி மட்டும் போய்வரும் உறைக்குள் அடைத்து 58, 62, 65, 69, 72 என்று எண் போட்டு விற்கிறார்கள். காற்று காய்ந்திருந்தால் ஈரம் கொடுக்கும், மிஞ்சினால் வாங்கிக்கொள்ளும். பைப்புக்கு வேண்டுமென்றால் 62 அல்லது 65. நல்ல ஜாடி இருந்தால் எதுவுமே தேவைப்படாது.

இரண்டாவது, எடைக் கணக்கு. 10 கிராம் இலையைத் தட்டில் பரப்பி, 100 டிகிரி செல்சியஸ் அளவில் ஓவனில் எடை இறங்காமல் நிற்கும் வரை காயவைத்தால், மீதி 8.5 கிராம் என்றால் 15 சதவீதம் நீர் இருந்தது என்று பொருள். அந்த 10 கிராம் அதற்குப் பிறகு பிடிக்க லாயக்கில்லை. இது ஆர்வத்துக்காகச் செய்து பார்க்கும் விஷயம், நாள்தோறும் செய்வதற்கல்ல.

ஜூலை 11

முதல் கேள்வியில் இருந்த களகளச் சத்தத்துக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

நனைந்த விறகை அடுப்பில் வைத்தால் என்ன ஆகிறது? நெருப்பின் பாதிச் சூடு தண்ணீரை விரட்டுவதிலேயே தீர்ந்துவிடும். பைப்பிலும் அதேதான். ஈர இலை அணைந்து அணைந்து போகும். அணைந்துவிடுமோ என்று வேகமாக இழுப்பீர்கள். வேகமாக இழுத்தால் சூடு ஏறும், அந்தச் சூட்டில் கிளம்பும் நீராவி நேராக நாக்கில் வந்து விழும். நாக்கு எரிச்சலில் பெரும்பங்கு இந்த நீராவியின் வேலை. மிச்ச ஆவி தண்டுக்குள் குளிர்ந்து தண்ணீராகி, கிண்ணமும் தண்டும் சேரும் இடத்தில் தேங்கிக் களகளக்கிறது.

நன்றாக உலர்ந்த இலை எரிந்தாலும் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். எந்தத் தாவரம் எரிந்தாலும் நீராவி உண்டாகும். அதனால் துளிகூட ஈரமில்லாத புகை என்று ஒன்று கிடையாது. டப்ளினில் சார்லஸ் பீட்டர்சன் 1890-ல் காப்புரிமை பெற்ற 'சிஸ்டம்' பைப்பில் தண்டுக்குக் கீழே ஒரு குழி இருக்கும், அந்தத் தண்ணீர் வாய்க்கு வராமல் அதில் விழட்டும் என்று. ஜெர்மனியில் 9 மில்லிமீட்டர் வடிகட்டி வைத்துப் பிடிக்கும் பழக்கம் பரவலாக இருப்பதற்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது ஒரு காரணம்.

சத்தம் கேட்டதும் பைப் கிளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை, வாய்ப்பக்கத்திலிருந்து உள்ளே விட்டு, அடி தட்டும் வரை தள்ளி, ஒரு நிமிடம் அப்படியே விட்டு எடுங்கள். பஞ்சு குடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். ஆனால் சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றக் கூடாது. மரம் விரிந்திருக்கும் நேரத்தில் திருகினால் கழுத்து வெடிக்கும், அல்லது பொருத்து தளர்ந்துபோகும். பைப் முழுக்க ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும்.

ஜூலை 12

சரி, ஏற்கனவே காய்ந்து தூளாகப்போன டின் ஒன்றும் இருக்கிறது என்றீர்களே, அதை மீட்கலாம்.

அகலமான கிண்ணத்தில் இலையைத் தளர்வாகப் போடுங்கள். சுத்தமான துணியை நனைத்து, சொட்டாத அளவுக்கு இறுகப் பிழிந்து, கிண்ணத்தின் வாய்மேல் இழுத்துக் கட்டுங்கள். துணி இலையில் படக் கூடாது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை துணியை எடுத்து இலையைக் கிளறிவிட்டுத் திரும்ப மூடுங்கள். ஒரு நாளில் இலை தளர்ந்து மெத்தென்றாகும். சிலர் காய்ச்சி வடித்த நீரைப் புகைபோல மெல்லியதாகத் தெளித்து ஜாடியில் மூடி மறுநாள் பார்ப்பார்கள். அதுவும் சரிதான், ஆனால் ஒரு முறை அதிகமாகத் தெளித்துவிட்டால் திரும்பப் பரப்பி ஆறவிட வேண்டிவரும். துணி முறையில் ஈரம் ஆவியாகவே போவதால் சீராக ஏறும். எனக்கு எப்போதும் துணிதான்.

பழத்தோல், ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு போடச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஈரத்தோடு பூசண விதையையும் சர்க்கரையையும் சேர்த்து உள்ளே அனுப்புகிறீர்கள். சுட்ட களிமண் வில்லையை நனைத்துப் போடுவது அதை விட மேல். அதையும் இலை மேலே நேராக வைக்காமல் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதம் வந்ததும் எடுத்துவிடுங்கள், குடியிருக்க விடாதீர்கள்.

மீட்ட இலை பழைய இலையாகவே இருக்குமா என்றால், ஈரம் திரும்பும், வாசனை முழுவதும் திரும்பாது. ஈரத்தோடு சேர்ந்து வாசனை எண்ணெய்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்திருக்கும். கொஞ்ச நாள் காய்ந்து கிடந்ததில் வித்தியாசம் தெரியாது. ஆண்டுக்கணக்கில் திறந்து கிடந்த டின் மீண்டாலும் சப்பென்றுதான் இருக்கும்.

ஜூலை 14

"என்னுடையது வெண்ணிலா வாசனை வகை. எவ்வளவு நேரம் பரப்பினாலும் காயவே மாட்டேன் என்கிறது. விரலில் பிசுக்கென்று ஒட்டுகிறது" என்று இன்னொருவர் கேட்கிறார்.

அது தண்ணீர் மட்டும் இல்லை. வாசனை சேர்த்த வகைகள் பலவற்றில் புரோப்பிலீன் கிளைக்காலோ கிளிசரினோ சேர்ப்பார்கள். அவை ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும், பூசணத்தையும் தடுக்கும். தண்ணீர் பறக்கும் வேகத்தில் அவை பறப்பதில்லை. அதனால் ஜூலை 7-ல் எழுதிய விரல் சோதனை இந்த வகைகளுக்கு அப்படியே பொருந்தாது. தண்ணீர் போன பிறகும் ஒட்டத்தான் செய்யும். இரவு முழுக்கப் பரப்பி வைத்துவிட்டு காலையில் நிரப்புங்கள், மற்ற எதையும் விடத் தளர்வாக நிரப்புங்கள், இன்னும் மெதுவாக இழுங்கள்.

வகை வாரியாகச் சொன்னால் எளிதாக இருக்கும். வெர்ஜீனியா இலையில் சர்க்கரை அதிகம். பதம் தப்பி ஈரமாகப் பிடித்தாலும் வேகமாக இழுத்தாலும் முதலில் நாக்கைப் பிடிப்பது இதுதான். நன்றாக ஆறவிட்டு மெதுவாகப் பிடித்தால் இவ்வளவு இனிமையான இலையும் வேறில்லை. பர்லி காற்றில் உலர்த்தியது, சர்க்கரை மிகக் குறைவு, துளைகள் நிறைந்த இலை. சேர்த்த ஈரத்தையும் வாசனையையும் நன்றாகக் குடித்துக்கொள்ளும். சைப்ரஸ், சிரியா இலைகளை விறகுப் புகையில் பதப்படுத்திய லட்டாக்கியா ஈரத் தவறுகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், காய்ந்திருந்தாலும் ருசி விடாது. லூயிசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷில் பீப்பாய்க்குள் அழுத்தத்தில் புளிக்கவைக்கும் பெரிக் கொஞ்சமாகவே கலப்பார்கள், மிளகுக் காரம் மாதிரி தொண்டையில் நிற்கும். காவண்டிஷ் என்பது இலையின் பெயரில்லை, ஆவியும் அழுத்தமும் கொடுத்துக் கருக்க வைக்கும் முறை. கடைகளில் வாசனை வகைகளின் அடித்தளம் பெரும்பாலும் அதுதான்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வாசனை வகையைக் கொடுத்து 'இதுதான் சுலபம்' என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் சுலபம். பிடிப்பவருக்கு ஈரமும் நாக்கு எரிச்சலும் அதில்தான் அதிகம். வாசனை சேர்க்காத பர்லி கலவை ஒன்றில் தொடங்கினால் பதம் சீக்கிரம் கைவரும்.

ஜூலை 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்போ எரிச்சலுக்கு ஈரம் மட்டுமே காரணம் இல்லையே" என்கிறார். இல்லைதான். ஈரம், இலை, இழுக்கும் வேகம் மூன்றும் சேர்ந்தது. வேகம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க மெதுவாகப் புகைக்கும் போட்டிகளைப் பாருங்கள். எல்லோருக்கும் 3 கிராம் புகையிலை, நிரப்ப 5 நிமிடம், இரண்டே தீக்குச்சி, பற்றவைக்க 1 நிமிடம். அதற்குப் பிறகு அணையாமல் கடைசி வரை வைத்திருப்பவர் வெற்றி. 3 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் உண்டு. நாம் அந்த 3 கிராமை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுகிறோம்.

போட்டி நமக்கு வேண்டாம். மூச்சு விடும் லயத்தில், வாயை மட்டும் பயன்படுத்திச் சிறுகச் சிறுக இழுத்தால் போதும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் கீழே வைத்துவிடுங்கள். அணைந்தால் அணையட்டும், திரும்பப் பற்றவைத்துக்கொள்ளலாம்.

நிரப்புவதற்குப் பழைய சொல் ஒன்று: முதலில் குழந்தையின் கையால், அடுத்து பெண்ணின் கையால், கடைசியில் ஆணின் கையால். அடியில் தளர்வாக, மேலே வரவர இறுக்கமாக என்று அர்த்தம். நிரப்பியதும் பற்றவைக்காமல் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் தடை இருக்க வேண்டும், அடைத்துக்கொள்ளக் கூடாது. அடைத்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவதே சுருக்க வழி. முதல் தீயில் இழைகள் மேலெழும்பிச் சுருளும். அதை டாம்பரால், அதாவது இலையை அழுத்தும் சின்னக் கருவியால், லேசாகத் தட்டிப் படியவைத்துவிட்டு இரண்டாம் முறை பற்றவைத்தால்தான் நெருப்பு வட்டமாக நிற்கும். ஈர இலை இந்த இரண்டாம் தீயிலும் நிற்காது, அதை வைத்தே பதம் தப்பியது தெரிந்துவிடும்.

ஜூலை 18

"புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயோடு சரி. அதனால் கெடுதல் இல்லை அல்லவா?"

உண்டு. பூசி மெழுகாமல் சொல்கிறேன். பைப் புகை உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது, நுரையீரலையும் விட்டுவைப்பதில்லை. இந்தப் புகை காரத்தன்மை உள்ளது என்பதால் நிகோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே இரத்தத்தில் சேரும், உள்ளே இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. வெறும் வயிற்றில் கனமான இலையைப் பிடித்துத் தலை சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். பழக்கமும் பிடித்துக்கொள்ளும். பிடிக்காதவர் யாரையும் தொடங்கச் சொல்லி நான் இதில் ஒரு வரிகூட எழுதவில்லை. பிடிப்பவர்கள் குழந்தைகள் இருக்கும் அறையில் பிடிக்காதீர்கள், ஜாடியையும் அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ தெரிந்தால் 'நாக்கு எரிச்சல்தான்' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நான் நாள்தோறும் பிடிப்பதை நிறுத்திவிட்டேன், எப்போதாவதுதான். அந்த எப்போதாவது நன்றாக இருக்க வேண்டும் என்பதால்தான் பதத்தில் இவ்வளவு அக்கறை.

ஜூலை 19

நாள்தோறும் பிடிக்காமல் இருப்பதில் பைப்புக்கும் ஒரு நன்மை. பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா செடியின் வேருக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் முண்டு. அதை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து மாதக்கணக்கில் உலரவிட்டுத்தான் பைப் செதுக்குவார்கள். அந்த மரம் பிடிக்கும்போது ஈரத்தைக் குடிக்கிறது, பிறகு வெளியே விட வேண்டும். ஒரே பைப்பைத் தொடர்ந்து பிடித்தால் உலர நேரம் கிடைக்காது. நீங்கள் என்னதான் இலையை ஆறவிட்டாலும் பைப்பே ஈரமாக இருந்தால் களகளச் சத்தம் வரத்தான் செய்யும். பிடித்து முடித்ததும் சாம்பலைத் தட்டிவிட்டு, ஒரு கிளீனரை உள்ளே விட்டபடியே ஒரு நாளாவது சும்மா வையுங்கள்.

கிண்ணத்துக்குள் கரி படியும். ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் வரை நல்லது, மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். அதற்கு மேல் தடித்தால் சுரண்டிவிட வேண்டும். மரமும் கரியும் ஒரே வேகத்தில் விரிவதில்லை, கிண்ணம் வெடிக்கும்.

ஒரே பைப்தான் இருக்கிறது என்றால் இரண்டாவதாகச் சோளக்கதிர் பைப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மிசூரி மாகாணத்தின் வாஷிங்டன் ஊரில் ஹென்றி டிப்பி 1869-ல் தொடங்கிய மிசூரி மீர்ஷாம் நிறுவனம் இன்னும் அதைச் செய்துகொண்டிருக்கிறது. கதிர்த்தண்டு ஈரத்தை நன்றாக உறிஞ்சும், புதிதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப் பழக்க வேண்டிய அவசியமும் இல்லை. துருக்கியின் எஸ்கிஷெஹிரில் தோண்டி எடுக்கும் வெண்கல்லில் செதுக்கிய மீர்ஷாம் பைப்பும் ஈரத்தை உறிஞ்சும், புகை குளுமையாக வரும், கீழே விழுந்தால் போச்சு.

ஜூலை 23

பூசணமா, படிகமா என்று கேட்டு ஒருவர் படம் அனுப்பியிருந்தார். பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

சில ஆண்டு மூடிக் கிடந்த வெர்ஜீனியா பிளேக் ஜாடி ஒன்றைத் திறந்து தகட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்தால், கருத்த பரப்பின் மேலே பொடிப்பொடியாக மினுக்கும். அசைத்தால் ஒரு புள்ளி அணைந்து இன்னொன்று மின்னும். அது படிகம். இலை முதிர்ந்ததன் அடையாளம், பயமில்லை. பூசணம் மினுக்காது. பஞ்சு மாதிரி மேலே எழும்பி நிற்கும், வெள்ளை, சாம்பல், பச்சை என்று நிறம் வரும். இழைகள் ஒன்றோடொன்று வலை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் முகர்ந்து பாருங்கள். முதிர்ந்த வெர்ஜீனியாவில் உலர்ந்த பழ வாசனையும் லேசான புளிப்பும் இருக்கும். பூசணம் பிடித்ததில் மூடிக் கிடந்த ஈர அறையின் முடை வாசனை.

பூசணம் என்று தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பிடிக்கலாமா என்று கேட்காதீர்கள். முழு ஜாடியையும் கொட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாதது மற்ற இழைகளிலும் இருக்கும். ஜாடியைக் கொதிநீரில் கழுவி, ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டுப் பயன்படுத்தலாம்.

முதிர வைக்கும் எண்ணம் இருந்தால் அதிகம் மாறுவது வெர்ஜீனியாவும் அது கலந்த வகைகளும். லட்டாக்கியாவின் கூர்மை ஆண்டுகள் போகப்போக மழுங்கும். அந்தப் புகைவாசம் பிடித்தவர்கள் அதை அதிக நாள் வைக்காமல் பிடித்துவிடுவது நல்லது. வாசனை சேர்த்தவற்றை முதிர வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, சேர்த்த வாசனை மங்குவதுதான் மிச்சம்.

ஜூலை 30

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். பஞ்சை எடுத்துவிட்டாராம், ஜாடிக்கு மாற்றிவிட்டாராம், ரிப்பனைக் கால்மணி நேரம் பரப்பிவிட்டுப் பிடிக்கிறாராம். சத்தம் நின்றுவிட்டது, எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. படிக்கவே சந்தோஷமாக இருந்தது.

மீதி எரிச்சலுக்கு அடுத்த முறை இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பரப்பிப் பாருங்கள், அதற்கடுத்த முறை இன்னும் ஐந்து. ஒரு கட்டத்தில் புகை சூடாகி, ருசி மெலிந்து, காகிதம் எரிவது மாதிரி தெரியும். அதற்கு ஒரு படி முன்னால் இருப்பதுதான் உங்கள் பதம். என்னுடையது பலருடையதை விடக் காய்ந்த பக்கம். உங்களுடையது எங்கே நிற்கும் என்பதை உங்கள் நாக்குதான் சொல்ல முடியும்.

பிளேக் வாங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தார். மடித்துத் திணிப்பதா, உதிர்ப்பதா? இப்போதைக்கு உதிருங்கள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டினால் தகடு இழையாகப் பிரியும். நடுவில் பிரியாமல் நிற்கும் கட்டிகள்தான் கடைசி வரை ஈரமாக இருப்பவை, அவற்றைத் தேடிப் பிரித்துவிட்டுப் பரப்புங்கள். மடித்துத் திணித்தால் மெதுவாக, நெடுநேரம் எரியும். ஆனால் நடுவில் ஈரம் நின்றால் பாதியில் அணைந்துகொண்டே இருக்கும். உதிர்த்த பிளேக்கின் பதம் கைவந்த பிறகு மடிக்கலாம்.

ஜூலை 30, மாலை

விட்டுப்போன ஒரு கேள்வி. பழைய டின்னின் உள்பக்க ஓரத்தில் துரு இருக்கிறது, இலை நன்றாகத்தான் இருக்கிறது, பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். துரு மூடியின் விளிம்போடு நின்று, இலையைத் தொடாமல் இருந்தால், அந்த ஓரத்து இலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மீதியை ஜாடிக்கு மாற்றிக்கொள்ளலாம். துரு டின்னைத் துளைத்திருந்தாலோ இலையின் மேல் செம்பழுப்புப் பொடி விழுந்திருந்தாலோ எறிந்துவிடுங்கள். துளை விழுந்த டின்னுக்குள் இருக்கும் இலை எப்படியும் காய்ந்திருக்கும்.